சித்தப்பாவின் ஒற்றை விசை: மேசைச்சூழலில் சுருங்கிவரும் தெரிவுகள் குறித்து

நீண்ட பதிவு. கணினியியல் துறையினர்க்கு மட்டும் எழுதியதன்று. மொழி, கல்வி, சிறுபான்மையினர் உரிமை ஆகியவற்றில் ஆய்வு செய்யும் நண்பர்களும் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். மறுப்பிருப்பின் பின்னூட்டத்தில் எழுதுங்கள், விவாதிப்போம்.

கம்பத்திலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் சாலை சென்று சேருமிடம் கம்பம்மெட்டு. எங்கள் பக்கத்தில் மலைக்கணவாயை மெட்டு என்போம். போடிமெட்டும் அப்படி அமைந்த பெயரே. சோதனைச்சாவடிக்கு இப்புறம் தேனி மாவட்டம், அப்புறம் இடுக்கி மாவட்டம். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்கள் ஜீப்புகளில் மலையேறி வருவர். பொழுது சாயுமுன் இறங்கிவிடுவர். எல்லையின் கேரளப் பக்கத்தில் என் சித்தப்பா ஒரு சிறு கடை நடத்துகிறார். ஊரார் அதை ஜெராக்ஸ் கடை என்பர். உண்மையில் அங்கே நகலெடுப்பதைவிட மனு எழுதுவதே பெரிய வேலை. குடும்ப அட்டை, இருப்பிடச் சான்று, ஓய்வூதியம், பட்டா, பள்ளி மாற்றுச் சான்றிதழ் என நாள்தோறும் பத்துப் பதினைந்து மனுக்கள். கிராம அலுவலகத்துக்குச் சில மலையாளத்தில், சில தமிழில், உத்தமபாளையம் தாலுகா அலுவலகத்துக்குத் தமிழில், வங்கிக்கு ஆங்கிலத்தில். ஒரே மனுவுக்குள் மூன்று எழுத்தும் மாறிமாறி வருவதுண்டு.

சித்தப்பா கடை வைக்குமுன் கம்பத்தில் ஓர் அச்சகத்தில் டிரெடில் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். அங்கே இடக்கையின் இரு விரல்கள் நசுங்கின. அவை இன்றும் மடங்கா. ஆகவே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்துவது அவருக்குக் கடினம். மூன்று விசைகள் என்றால் இயலவே இயலாது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கணினியில் லினக்ஸ் நிறுவித் தந்தபோது நான் ஒரு சிறு மாற்றம் செய்திருந்தேன். யாரும் பயன்படுத்தாத 'ஸ்க்ரோல் லாக்' விசையை மொழி மாற்றும் விசையாக ஆக்கினேன். ஒருமுறை தட்டினால் தமிழ், மறுமுறை தட்டினால் மலையாளம், மீண்டும் தட்டினால் ஆங்கிலம். அந்த விசையின்மேல் அவர் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து ஒரு புள்ளியிட்டுக்கொண்டார்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது, பாதுகாப்புக்கு நல்லது என்றெண்ணி இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்தினேன். திரை அழகாயிற்று, எழுத்துகள் தெளிவாயின. மறுநாள் காலை சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஏப்பா, என் விரலுக்கு ஒரு பொத்தான் இருந்துச்சே, அத எங்க வச்ச?"

நான் முன்பு எழுதிவைத்த விசைமாற்றக் கோப்பைப் புதிய திரை அமைப்பு படிக்கவேயில்லை. அமைப்புகள் பக்கத்தில் மொழி மாற்றத்துக்குரிய குறுக்குவழியைத் திருத்த முயன்றேன். அது ஒற்றை விசையை ஏற்க மறுத்தது; இரண்டு விசைகளின் சேர்க்கையையே கேட்டது. மூன்று நாள் சித்தப்பா மொழி மாற்ற வேண்டிய ஒவ்வொரு முறையும் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து, சுட்டியைப் பிடித்து, திரையின் மூலைக்குச் சென்று, பட்டியலை விரித்து, மொழியைத் தேர்ந்தார். அரைமணி நேர மனு ஒன்றரை மணி நேரமாயிற்று. ஜீப் புறப்படுமுன் மனு முடியாமல் இருவர் மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனார்கள். மறுநாள் வருவதென்றால் அவர்களுக்கு ஒருநாள் கூலி போயிற்று என்று பொருள்.

மூன்றாம் இரவு விடை கிடைத்தது. அந்த வசதி அழிக்கப்படவில்லை. கட்டளை முனையத்தில் ஒரு வரி எழுதினால் கிடைக்கக்கூடியதாக உள்ளே இருந்தது. அமைப்புகள் பக்கத்தில் மட்டும் அதன் சுவடு இல்லை. அந்த மேசைச்சூழலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சோதித்துப் பாராமல் மேம்படுத்திய என் பிழையும் இதில் உண்டு. ஆனால் அந்த மூன்று நாள்கள் எழுப்பிய கேள்வி ஒரு கணினியோடும் ஒரு கடையோடும் முடிவதன்று. பயனருக்கு எத்தனை தெரிவுகள் இருக்க வேண்டும் என்பதை யார், யாரை மனத்தில் வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

இக்கேள்விக்கு லினக்ஸ் உலகில் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1996இல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச் கே.டி.இ திட்டத்தைத் தொடங்கினார். 1997இல் மெக்சிகோவின் மிகுவேல் தே இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். தொடக்கக் கால க்னோமில் எதையும் எப்படியும் மாற்றலாம். அது விடுதலைபோலத் தோன்றினாலும், புதியவர்க்குக் காடாகவே இருந்தது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோமைச் சாதாரணப் பயனர்களிடம் கொடுத்துப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. அதன் முடிவுகள் திட்டத்தின் சிந்தனையை மாற்றின. 2002 ஜூனில் வெளிவந்த க்னோம் 2 ஏராளமான தெரிவுகளை நீக்கியது. ஹாவக் பென்னிங்டன் அக்காலத்தில் எழுதிய கட்டுரை இந்த மாற்றத்துக்குக் கொள்கை வடிவம் தந்தது. ஒவ்வொரு தெரிவுக்கும் ஒரு விலை உண்டு, நிரலாளர் முடிவெடுக்கத் தயங்கும் இடங்களிலெல்லாம் ஒரு தெரிவைச் சேர்த்துவிட்டுப் பாரத்தைப் பயனர்மேல் ஏற்றுகிறோம் என்பது அதன் சாரம்.

பயனர்கள் முதலில் சினந்தார்கள், பின்னர் பழகினார்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பயனர்களை க்னோம் அறிவிலிகளாக நடத்துகிறது என்று கடுஞ்சொற்களால் சாடினார். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது சினம் பன்மடங்காயிற்று. சாளரத்தைச் சுருக்கும் பொத்தான் இயல்பிருப்பில் இல்லை. கணினியை அணைக்கும் தெரிவு 'ஆல்ட்' விசையை அழுத்தினால்தான் தோன்றியது. பட்டைகளை விரும்பிய இடத்தில் வைக்கும் வசதி போயிற்று. எழுத்துருவை மாற்றுவதற்குக்கூடத் தனியொரு செயலி தேவைப்பட்டது. 2017இல் வந்த 3.26 பதிப்பு பழைய அறிவிப்புத் தட்டை நீக்கியது. 2018இல் வந்த 3.28 பதிப்பு மேசைமேல் குறும்படங்கள் வைக்கும் நிரலை நீக்கியது. 2019இல் செயலி உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து, தங்கள் செயலிகளின் தோற்றத்தை வழங்கல்கள் மாற்ற வேண்டா என்று திறந்த மடல் எழுதினர். 2021 இறுதியில் வந்த 'லிப்அத்வைதா' நிரலகம் அந்த வேண்டுகோளைக் கிட்டத்தட்ட நிரலாகவே ஆக்கிவிட்டது. பெயரில் அத்வைதம் இருப்பதைக் கண்டு வியந்தோர் நம்மில் பலர்; ஒன்றே உளது, இரண்டாவது இல்லை என்பதை அந்நிரலகம் தோற்றத்துக்கும் பொருத்தியதோ என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இது க்னோமின் கதை மட்டுமன்று. 2008 ஜனவரியில் கே.டி.இ 4.0 வந்தபோது பழைய வசதிகள் பல காணாமற்போய்ப் பெருங்கூச்சல் எழுந்தது. இன்று எல்லா மேசைச்சூழல்களும் எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பிலிருந்து வேலண்ட் என்ற புதிய அமைப்புக்கு நகர்ந்துகொண்டிருக்கின்றன. எக்ஸ்11இல் எந்தச் செயலியும் வேறு செயலியில் அழுத்தும் விசைகளை ஒட்டுக்கேட்க முடியும். அது பாதுகாப்புக்குப் பெரும் ஓட்டை. வேலண்ட் அதை அடைத்தது. ஆனால் அதே ஓட்டை வழியாகத்தான் பலர் தங்கள் விசைமாற்றங்களையும் தானியங்கிக் கருவிகளையும் இயக்கிவந்தார்கள். என் சித்தப்பாவின் விசையும் அப்படித்தான் போயிற்று. திருடன் வரும் வழியை அடைத்தபோது வீட்டுக்காரர் வரும் வழியும் அடைபட்டது.

மறுதரப்பின் வாதத்தை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். ஆம், இல்லை என இரண்டே நிலையுள்ள தெரிவுகள் 10 இருந்தால் 1,024 சேர்க்கைகள் உண்டாகும். 20 இருந்தால் அவை 10,48,576 ஆகும். எந்தத் தன்னார்வக் குழுவாலும் அவையனைத்தையும் சோதிக்க முடியாது. சோதிக்கப்படாத தெரிவு என்பது ஒருநாள் உடையப்போகும் தெரிவு. உடையும்போது ஏசப்படுவோர் ஊதியமின்றி உழைக்கும் நிரலாளர்கள். மேலும், எளிமை என்பது வெறும் அழகியல் கொள்கையன்று. முதன்முதலாகக் கணினியின்முன் அமரும் தோட்டத் தொழிலாளியின் மகளுக்கு நாற்பது பக்க அமைப்புகள் அச்சமூட்டும். தெளிவான, குறைந்த தெரிவுகளுள்ள திரை அவளுக்கு உதவும். கூச்சலிடும் பழைய பயனர்களில் பலர் பழக்கத்தை உரிமையென மயங்குபவர்களே என்பதும் உண்மை. பட்டை மேலே இருந்தாலென்ன, கீழே இருந்தாலென்ன? இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். இவையனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பின்னும் எனக்கு மூன்று மறுப்புகள் உண்டு.

முதலாவது, இயல்பிருப்பு நடுநிலையானதன்று. இயல்பிருப்பு என்பது யாரோ ஒருவருடைய வாழ்க்கை. ஒரே மொழியில் எழுதுபவர், பத்து விரலும் மடங்குபவர், விரைவான இணையமும் புதிய கணினியும் உடையவர் என ஒரு மனிதரை வைத்துக்கொண்டுதான் பெரும்பான்மை என்பது வரையப்படுகிறது. அந்த வரைவுக்குள் பொருந்துபவர்க்கு அமைப்புகள் பக்கம் தேவையே இல்லை. வெளியே நிற்பவர் உள்ளே வருவதற்கான படிக்கட்டுதான் தெரிவு. ஒரு தெரிவை நீக்கும்போது எல்லோரும் ஒரேயளவு இழப்பதில்லை. பெரும்பான்மையோர் ஒன்றும் இழப்பதில்லை. சிலர் எல்லாவற்றையும் இழக்கிறார்கள். நூற்றுக்கு இருவர்தாம் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு ஒரு தெரிவை நீக்கப் போதுமான காரணமாகக் காட்டப்படுகிறது. அந்த இருவர் யார் என்பதைக் கணக்கு சொல்வதில்லை.

மொழி உள்ளீட்டை எடுத்துக்கொள்வோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் விளைவாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. நல்ல தரம், நான் அதையே பயன்படுத்துகிறேன். ஆனால் அதனால் தட்டச்சுப் பொறியில் பழகிய விரல்கள் மறைந்துவிடவில்லை. தமிழ்த் தட்டச்சுத் தேர்வுகள் தொடர்கின்றன. ஆங்கில ஒலிபெயர்ப்பில் எழுதுவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். இன்ஸ்கிரிப்ட் கற்றவர்கள் இருக்கிறார்கள். கட்டற்ற மென்பொருளின் எம்17என் தொகுப்பு தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சு, ஒலியியல் ஆகிய முறைகள் யாவற்றையும் ஒருசேரத் தருகிறது. தரமும் தெரிவும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. 2012இல் வந்த க்னோம் 3.6 ஐபஸ் உள்ளீட்டு அமைப்பைத் தன்னுள் இணைத்துக்கொண்டது. பல மொழியினர்க்கு அது பெரும் வசதி. அதேவேளை வேறு உள்ளீட்டு அமைப்புகளில் பழகிய சீன, ஜப்பானியப் பயனர்கள் பலர் அல்லலுற்றனர். உள்ளீட்டு முறைகளின் முழுப் பட்டியலும் அமைப்புகள் பக்கத்தில் இயல்பாகத் தோன்றுவதில்லை. அனைத்தையும் காட்டச் சொல்லும் ஒரு மறை அமைப்பு உள்ளே இருக்கிறது. அதை இயக்கக் கட்டளை தெரிந்திருக்க வேண்டும். எம்.ஏ. தமிழ் படிக்கும் மாணவர் ஒருவர் பட்டியலில் தம் முறை இல்லாததைக் கண்டால், லினக்ஸில் தமிழ் எழுத வராது என்று முடிவு செய்துவிடுவார். வேறு முடிவுக்கு வர அவரிடம் காரணம் ஏது?

இங்கேதான் என் இரண்டாம் மறுப்பு. ஒளித்துவைத்த தெரிவு, தெரிந்தவர்க்கு மட்டும் உரியது. வசதி இன்னும் இருக்கிறதே, கட்டளை வரியில் மாற்றிக்கொள்ளலாமே, நீட்சி நிறுவிக்கொள்ளலாமே என்று பதில் வருகிறது. சித்தப்பாவுக்கு என்னைப்போல் ஓர் ஆய்வு மாணவர் வீட்டில் இருந்ததால் மூன்று நாளில் விடை கிடைத்தது. இல்லாதவர் என்ன செய்வர்? எளியவர்க்காக எளிமையாக்கினோம் என்பவர்கள், மாற்றத் தேவையுள்ள எளியவரைக் கைவிட்டு, மாற்றத் தெரிந்த வல்லவர்க்கு மட்டும் பின்வாசலைத் திறந்துவைக்கிறார்கள். விளைவில் இது எளியோர்க்கு எதிரானது.

நீட்சிகளைப் பற்றியும் ஒரு சொல். நீட்சிகளை எழுதுவோர் பெரும்பாலும் தனியாள்கள். மேசைச்சூழலின் ஒவ்வொரு பதிப்பிலும் அவை உடைய வாய்ப்புண்டு. 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45, நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால் பழைய நீட்சிகள் அனைத்தும் திருத்தி எழுதப்பட வேண்டியதாயிற்று. எழுதியவர் ஆர்வம் இழந்திருந்தால் நீட்சி அத்தோடு சரி. 2022இல் க்னோம் திட்டமே விருப்பமுள்ள பயனர்களிடமிருந்து ஒரு தரவுத் திரட்டு நடத்தியது. 2,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். அவர்களுள் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் குறைந்தது ஒரு நீட்சியையாவது பயன்படுத்திவந்தனர். தாமாக முன்வந்தோரின் தரவு இது. எல்லாப் பயனரையும் இது பிரதிபலிக்கும் எனக் கொள்ளலாகாது. எனினும், ஆர்வமுள்ள பயனரில் இத்தனை பேர் மூலவடிவத்தை அப்படியே ஏற்கவில்லை என்றால், வீட்டுக்குத் தேவையான கதவைக் கட்டடக்காரர் வைக்காமல் விட்டதால் குடியிருப்போர் ஆளுக்கொரு சுவரை உடைக்கிறார்கள் என்றுதானே பொருள்?

மூன்றாம் மறுப்பு, பிடிக்காவிட்டால் கிளைபிரித்துக்கொள் என்ற பதிலைப் பற்றியது. கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் திறந்திருக்கிறது. ஆகவே எவரும் வேண்டியபடி மாற்றிக் கிளைபிரிக்கலாம். இது வெறும் ஏட்டுரிமை அன்று. க்னோம் 2ஐ இழக்க விரும்பாத அர்ஜென்டினப் பயனர் ஒருவர் 2011இல் மாட்டே மேசைச்சூழலைத் தொடங்கினார். தென்னமெரிக்கர் பருகும் மூலிகைப் பானத்தின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமனை உருவாக்கினர். பட்டைக்கும் ஏலத்துக்கும் உறவுள்ள எங்கள் மலையில் அப்பெயர் தனி இன்பம் தரும். இரண்டும் இன்றும் வாழ்கின்றன. எக்ஸ்எஃப்சிஇயும் கே.டி.இ பிளாஸ்மாவும் ஏராளமான தெரிவுகளோடு இருக்கின்றன. இவை கட்டற்ற உலகின் பெருமை, மறுக்கவில்லை. தனியுரிம இயங்குதளத்தில் தொடக்கப் பட்டியலின் இடத்தை நிறுவனம் மாற்றினால் புலம்பத்தான் முடியும்.

ஆனால் கிளைபிரிக்கும் வலிமை எல்லாச் சமூகங்களுக்கும் சமமாக இல்லை. பட்டையின் இடம் பிடிக்காத நிரலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்ததால் மாட்டே பிறந்தது. மூன்று எழுத்துமுறைகளை ஒற்றை விரலால் மாற்ற வேண்டியவர்களுள் நிரலாளர் எத்தனை பேர்? எல்லைப்புறத் தமிழரும், பார்வைக் குறையுடையோரும், தட்டச்சுப் பொறியில் பழகிய முதியோரும் கிளைபிரிக்க மாட்டார்கள், சத்தமில்லாமல் விலகிவிடுவார்கள். விலகியவர்கள் எந்தத் தரவுத் திரட்டிலும் இடம்பெறமாட்டார்கள்.

மேசைச்சூழலை விட்டுச் சற்று வெளியே வருவோம். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதியிலும் இங்கும் தமிழர் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் மலையாளத்தையும் ஆங்கிலத்தையும் முன்வைத்தாலும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அவர்கள் தங்கள் மொழியில் அரசுடன் கடிதத் தொடர்பு கொள்ளலாம் என்று இடமளித்தது. சட்டத்துக்குள் இருக்கும் ஒரு தெரிவு இது. நிருவாகத்தின் கண்ணில் இதற்கும் விலை உண்டு: மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இருமொழிப் படிவம் வேண்டும், தமிழ் தெரிந்த எழுத்தர் வேண்டும். பயன்படுத்துவோர் மாநில மக்கள்தொகையில் மிகச் சிலர். நடைமுறையை எளிமையாக்குகிறோம் என்று நாளை ஒருவர் இதை நீக்கினால் நாம் வாளாவிருப்போமா? நீக்கவில்லை, விண்ணப்பித்தால் கிடைக்கும், ஆனால் அலுவலகப் பலகையில் எழுதிவைக்க மாட்டோம் என்றால் ஏற்போமா? சட்டத்தில் உரிமை என்று நாம் அழைப்பதை மென்பொருளில் அமைப்பு என்று அழைக்கிறோம். சொல் வேறானதால் எடை குறைந்துவிடாது. சித்தப்பாவின் கடையில் இரண்டும் ஒரே மேசையில் சந்தித்தன. தமிழில் மனு கொடுக்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. தமிழுக்கு மாறும் விசை கணினியில் இல்லை.

இனி என்ன செய்யலாம்? மேலைநாட்டு நிரலாளர்களைக் குறைகூறிப் பதிவை முடிப்பது எளிது. அதனால் பயனில்லை, அது நியாயமும் அன்று. நம் பங்குக்குச் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: சுவைத் தெரிவையும் தேவைத் தெரிவையும் பிரித்தறிய வேண்டும். சாளர விளிம்பின் நிறத்துக்காகவும் மொழி மாற்றும் விசைக்காகவும் ஒரே குரலில் கத்தினால், நிரலாளர் இரண்டையும் ஒன்றெனவே தள்ளுவர். உள்ளீடு, எழுத்துரு, எழுத்தளவு, விசைமாற்றம், திரைவாசிப்பு ஆகியவை தேவைகள். இவை அமைப்புகள் பக்கத்தில் வெளிப்படையாக இருந்தே ஆக வேண்டும் என்று காரணத்தோடு கேட்போம். மற்றவற்றில் விட்டுக்கொடுப்போம்.

இரண்டு: வழு அறிக்கை எழுதக் கற்போம். சமூக ஊடகத்தில் நாம் கொட்டும் எரிச்சல் எந்த நிரலாளரின் பார்வைக்கும் போவதில்லை. எந்தப் பதிப்பு, எந்த உள்ளீட்டு முறை, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன, யாருக்கு இது ஏன் தேவை என்று பத்து வரி எழுதினால் போதும். இறுதிப் பதிப்புக்கு முன்வரும் சோதனைப் பதிப்பில் தமிழை எழுதிப் பார்த்துச் சொல்வது அதனினும் நன்று. நீக்கிய பின் அழுவதைவிட நீக்குமுன் பேசுவது எளிது.

மூன்று: நிறுவனங்கள் கூட்டாகத் தனிப்பயனாக்கலாம். இதற்குச் சிறந்த முன்மாதிரி நான் வாழும் மாநிலமே. கேரளப் பள்ளிகளின் ஐ.டி.@ஸ்கூல் திட்டம், 2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனம், பள்ளிகளுக்கென்று குனு/லினக்ஸ் வழங்கலைத் தானே வடிவமைத்துத் தருகிறது. உரிமக் கட்டணச் சேமிப்பைப் பற்றி நாளேடுகள் எழுதும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, என்ன செயலி, என்ன எழுத்துரு, என்ன விசைப்பலகை என்பதை ஒரு மாநிலக் கல்வித்துறை தானே முடிவுசெய்கிறது என்பதுதான். தமிழ்நாட்டுக்கும் இந்த மரபு அந்நியமன்று. எல்காட் நிறுவனம் 2000களின் பிற்பாதியில் அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. அந்தத் தொடர்ச்சியை நாம் பேணவில்லை. ஒரு பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் கணினியியல் துறையும் சேர்ந்தால், தமிழ் ஆய்வாளர்க்கான ஒரு வழங்கலை ஓராண்டில் உருவாக்கிவிடலாம். எல்லா உள்ளீட்டு முறைகளும் முதல் திரையிலேயே இருக்க வேண்டும். கிரந்த எழுத்துகளும் தமிழ் எண்களும் தடையின்றி வர வேண்டும். ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் இவை உடையவில்லை என யாரேனும் சோதித்திருக்க வேண்டும்.

நான்கு: அந்த யாரேனும் ஒருவருக்கு அங்கீகாரம் வேண்டும். மென்பொருள் தமிழாக்கம், உள்ளீட்டு முறைச் சோதனை, வழு அறிக்கை ஆகியவற்றை நம் பல்கலைக்கழகங்கள் ஆய்வுப் பங்களிப்பாகக் கருதுவதில்லை. யாரும் வாசிக்காத இதழில் வரும் கட்டுரைக்குப் புள்ளி உண்டு. ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் காணும் அமைப்புகள் பக்கத்தைத் தமிழில் எழுதியவர்க்குப் புள்ளி இல்லை. முனைவர் பட்ட மாணவர்கள் இப்பணிக்கு வராததற்குச் சோம்பல் காரணமன்று.

ஐந்து, நிரலாளர் நண்பர்களுக்கு: ஒரு தெரிவை நீக்குமுன் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதோடு, யார், எதற்காகப் பயன்படுத்துகிறார்கள், அவர்கள் வேறெங்கே போவார்கள் என்றும் கேளுங்கள். நீக்கியே ஆக வேண்டுமெனில், மேம்படுத்தும் கணத்தில் பயனரிடம் சொல்லுங்கள். உங்கள் பழைய விசை இனி இயங்காது, இதோ மாற்றுவழி என்று ஓர் அறிவிப்பு தோன்றியிருந்தால் கம்பம்மெட்டில் இருவர் ஒருநாள் கூலியை இழந்திருக்க மாட்டார்கள்.

தெரிவுகள் எல்லையின்றிப் பெருக வேண்டும் என்று நான் கூறவில்லை. நல்ல இயல்பிருப்பு பெரும்பான்மையோர்க்கு நிழல் தரும். அந்த நிழலுக்கு வெளியே நிற்பவர்க்கும் ஒரு குடை கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும் என்றே கேட்கிறேன்.

சித்தப்பாவின் விசை இப்போது முன்போல் இயங்குகிறது. சிவப்புப் புள்ளி சற்றே தேய்ந்திருந்ததால் சித்தி புதிதாக வைத்துத் தந்தார். ஊரிலிருந்து கிளம்பும்போது, "சித்தப்பா, வேறெதாச்சும் மாத்தணுமா?" என்று கேட்டேன். மனுவிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "மாத்துறது இருக்கட்டும்ப்பா. அடுத்த வாட்டி மாத்துறதுக்கு முன்னாடி என்னய ஒரு வார்த்த கேளு."